பாலாடையில் ஒரு சுருக்கம்

ஆராய்ச்சிக்குச் சேர்ந்த முதல் வருஷம் அம்மா போனில் கேட்டாள்: "அங்க என்னதான்டி பண்றே?"

"செல் எவ்வளவு பலமா இழுக்குதுன்னு அளக்கறேன்மா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "எதை, டவரையா?"

உடம்பில் இருக்கிற செல் என்று சொல்லிப் புரியவைத்த பிறகும் அவள் கேள்வி மாறவில்லை. சரி, அந்தச் செல் எதை இழுக்கிறது? நல்ல கேள்வி. ஆறு வருஷம் அந்த வேலையைச் செய்து முடித்து, இப்போது வேறு வேலைக்கு வந்த பிறகும் என் பதில் ஒன்றுதான். தரையை இழுக்கிறது. தான் நிற்கிற தரையையே தன் பக்கம் வாரி இழுக்கிறது. நகர்வதற்குத் தேவையானதைவிடக் கோடிக்கணக்கான மடங்கு அதிகமாக.

அந்தக் கோடிக்கணக்கு மிகையில்லை. பின்னால் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

உடம்பில் எல்லாச் செல்லும் ஊர்வதில்லை. சிவப்பணுக்கள் ரத்தத்தோடு அடித்துக்கொண்டு போவதோடு சரி. வெள்ளையணுக்கள் ரத்தக் குழாயின் சுவரைப் பிளந்து இறங்கி, சீழ் பிடித்த இடம் தேடி ஊர்ந்து போகும். காயம் பட்டால் தோலுக்கு அடியிலிருந்து ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்கள் ஊர்ந்து வந்து சேரும். கரு வளரும்போது செல்கள் ஓரிடத்தில் பிறந்து இன்னோர் இடத்துக்குக் குடிபோகும். புற்று பரவுவதும் இப்படி ஊர்ந்துதான். எதற்கும் காலும் கிடையாது, துடுப்பும் கிடையாது. முன்பக்கம் ஆக்டின் என்ற புரத இழை வளர்ந்து சவ்வைத் தள்ளும். அங்கே செல் தரையோடு ஒட்டிக்கொள்ளும். மயோசின் என்ற இன்னொரு புரதம், நம் தசையில் இருக்கிற அதே குடும்பம், அந்த இழைகளைப் பிடித்து உள்ளே இழுக்கும். பின்பக்கம் பிடி விட்டுப்போகும். பாடப்புத்தகம் இதை நாலு படம் போட்டு முடித்துவிடும். அந்தப் படங்களில் எங்கேயும் விசை எவ்வளவு என்று போட்டிருக்காது. வெகுகாலம் அது யாருக்கும் தெரியாது என்பதுதான் காரணம். செல் நகர்வதை மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாம். அது இழுப்பதைப் பார்க்க முடியாது. கண்ணாடித் தட்டில் எவ்வளவு இழுத்தாலும் கண்ணாடி அசைந்தா கொடுக்கும்?

1980ல்தான் அது முதன்முதலாகக் கண்ணுக்குத் தெரிந்தது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், சாப்பல் ஹில் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் ஹாரிஸ், பட்ரீஷியா வைல்ட், டேவிட் ஸ்டோபாக் என்ற மூன்று பேர் செய்த வேலை. அவர்கள் செய்ததைப் படித்தபோது எனக்கு எங்கள் வீட்டுப் பால் பாத்திரம் ஞாபகம் வந்தது. காய்ச்சின பால் ஆறும்போது மேலே ஆடை படியும் இல்லையா, அதைக் கிழியாமல் விரல் நுனியால் தள்ளினால் வரிவரியாகச் சுருக்கம் விழும். விரலை எடுத்தால் மெல்ல விரியும். சின்ன வயதில் நான் அதிகம் திட்டு வாங்கியது இந்த விளையாட்டுக்குத்தான்.

பால் ஆறினால் ஆடை. ஹாரிஸ் கூட்டத்துக்குச் சுட்டால் ஆடை. கண்ணாடித் தகட்டில் சிலிகோன் எண்ணெயைத் தடவி, பன்சன் விளக்கின் சுடரில் ஓரிரு விநாடி காட்டினார்கள். மேல்பரப்பு மட்டும் வெந்து, ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவு கனத்தில் ரப்பர்த் தோலாக இறுகிவிட்டது. அடியில் எண்ணெய் எண்ணெயாகவே இருந்தது. அந்தத் தோலின் மேல் செல்களை வளர்த்தார்கள். செல் ஒட்டிக்கொண்டு இழுக்க ஆரம்பித்ததும் தோல் சுருங்கியது. செல்லுக்கு அடியில் நெருக்கமான மடிப்புகள். அங்கிருந்து வெளியே நாலாபக்கமும் நீண்டு போகும் வரிகள். விரித்துப் போட்ட வேட்டியின் நடுவில் இரண்டு விரலால் கிள்ளிச் சேர்த்துப் பாருங்கள், அச்சாக அதேதான். அந்தக் கட்டுரையின் தலைப்பில் ஆங்கிலத்தில் ஒரு சிலேடை வேறு வைத்திருந்தார்கள்: சுருக்கம் என்ற சொல்லுக்கே அங்கே புது உத்தி என்றும் ஒரு பொருள் உண்டு.

ஒரு சுடரும் கொஞ்சம் எண்ணெயும். லட்சக்கணக்கில் கொட்டி வாங்கிய கருவிகளோடு ஆறு வருஷம் மல்லுக்கட்டினவள் என்ற முறையில் எனக்கு இதில் பொறாமை உண்டு.

அந்தப் படங்கள் சொன்ன முதல் சேதி, செல் வெளிநோக்கித் தள்ளவில்லை, உள்நோக்கிக் கிள்ளுகிறது என்பது. முன் விளிம்பு தரையைப் பின்னால் இழுக்கிறது. பின் விளிம்பு தரையை முன்னால் இழுக்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட ரப்பர் மடிகிறது. இரண்டாவது சேதிதான் வேடிக்கையானது. எந்தச் செல் வேகமாக ஊர்கிறதோ அது பலமாக இழுக்கும் என்றுதானே எதிர்பார்ப்போம்? நடந்தது தலைகீழ். ஓடித் திரிகிற வெள்ளையணுக்கள் ஆடையை அசைக்கக்கூட இல்லை என்று சொல்லலாம். மணிக்கு 20, 30 மைக்ரான் என்று அரைக்கால் வேகத்தில் போகும் ஃபைப்ரோபிளாஸ்ட்தான் தரையை வாரிச் சுருட்டியது. ஹாரிஸ் இதைச் சும்மா விடவில்லை. அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன், முதலில் அளவு.

சுருக்கத்தைப் பார்க்கலாம், அளக்க முடியாது. அதுதான் அந்த முறையின் வம்பு. ஒரு தாளை இரண்டு பக்கமும் நெருக்கினால் கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகாது, பிறகு சட்டென்று மடங்கும். மடிப்பின் நீளத்தையும் ஆழத்தையும் வைத்து எங்கே எவ்வளவு விசை என்று பின்னோக்கிப் போவது கணக்கில் சிக்கல். மடிப்பு செல்லைவிடப் பெரிது, மெதுவாகத்தான் விழும், மெதுவாகத்தான் கலையும்.

இதற்கு வழியும் அதே சாப்பல் ஹில்லில்தான் பிறந்தது. கென் ஜேக்கப்சன் ஆய்வகத்தில் ஜூலியட் லீயும் மற்றவர்களும் சுருங்காத மாதிரி விறைப்பான சிலிகோன் படலம் செய்து, அதில் பொடி மணிகளைப் பதித்து, மணிகள் எங்கிருந்து எங்கே நகர்கின்றன என்று பார்த்தார்கள். 1994ல் வந்த வேலை. செல்லுக்கு அவர்கள் எடுத்தது மீன் செதில். உயிருள்ள மீனிடமிருந்து ஒரு செதிலை இடுக்கியால் பிடுங்கி, கண்ணாடியில் வைத்து, மேலே இன்னொரு கண்ணாடி வைத்து அமுக்கிவிட்டால் போதும். சில மணி நேரத்தில் செதிலின் ஓரத்திலிருந்து செல்கள் கிளம்பி வரும். பெயர் கெரடோசைட். மற்ற செல்களுக்கு 37 டிகிரி, கார்பன் டைஆக்சைடு என்று ராஜ உபசாரம் செய்யவேண்டும். இதற்கு அறைச் சூடே போதும். பாதி நிலா மாதிரி வடிவம், வளைந்த பக்கம் முன்னால். நிமிடத்துக்குப் பத்து மைக்ரானுக்கு மேல் போகும், உருவம் துளிகூட மாறாமல், தண்ணீரில் வழுக்கிப் போகிற மாதிரி. இதன் ஓரத்தில் ஒரு துண்டு பிய்ந்து போனால், கரு இல்லாத அந்தத் துண்டும் பாதி நிலா வடிவம் எடுத்துத் தன்பாட்டுக்கு ஊர்ந்து போகும். முதல் தடவை அந்தப் படத்தைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. தலையில்லாத ஒன்று இவ்வளவு தீர்மானமாக எங்கே போகிறது?

கெரடோசைட் நேர்கோட்டில் முன்னால் போகிறது. அதன் பலமான இழுப்போ, இரண்டு பக்கவாட்டு முனைகளில் இருந்தது. வலது முனை தரையை இடப்பக்கம் இழுத்தது, இடது முனை வலப்பக்கம் இழுத்தது. போகிற திசையோடு சம்பந்தமே இல்லாத இழுப்பு. வண்டி கிழக்கே போகிறது, மாடுகள் வடக்கும் தெற்குமாக இழுக்கின்றன.

மணி நகர்ந்த தூரத்திலிருந்து விசையைக் கண்டுபிடிப்பது எப்படி? இங்கேதான் எனக்கு முதல் இரண்டு வருஷமும் போனது. தாத்தா வீட்டில் கயிற்றுக் கட்டில் ஒன்று இருந்தது. ஒருவர் ஒரு மூலையில் உட்கார்ந்தாலும் கட்டில் முழுக்கக் கயிறு அசையும். பக்கத்தில் அதிகம், தூரத்தில் கொஞ்சம். யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் எந்தக் கயிறு எவ்வளவு தொய்யும் என்று சொல்லிவிடலாம். தலைகீழாகக் கேட்டுப் பாருங்கள். கயிறுகளின் தொய்வை மட்டும் காட்டி, எத்தனை பேர், எங்கெங்கே, எவ்வளவு கனம் என்று கேட்டால்? ஒவ்வொரு கயிறும் எல்லோருடைய கனத்தையும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கியிருக்கும். அதைப் பிரித்தெடுக்கவேண்டும்.

முன்பக்கக் கணக்கை ஜோசப் பூசினெஸ்க் என்ற பிரெஞ்சுக்காரர் 1885லேயே போட்டு வைத்துவிட்டார். நெகிழும் பொருளின் மேல்பரப்பில் ஒரு புள்ளியில் விசை கொடுத்தால் சுற்றிலும் எவ்வளவு நகரும் என்பதற்கான சூத்திரம் அது. தூரம் இரட்டித்தால் நகர்வு பாதியாகும். கட்டட அஸ்திவாரம் போடுகிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர். அது ஒரு நாள் செல்லின் இழுப்பை அளக்க உதவும் என்று அவர் நினைத்திருக்கமாட்டார். பின்பக்கக் கணக்கை, அதாவது நகர்விலிருந்து விசைக்குப் போவதை, செல்களுக்காகச் செய்தவர் மைக்கா டெம்போ. 1996ல் ஜேக்கப்சன் குழுவோடு சிலிகோன் படலத்துக்கும், 1999ல் யூ-லி வாங்கோடு சேர்ந்து, சிலிகோனுக்குப் பதில் மணிகள் பதித்த பாலிஅக்ரிலமைடு ஜெல்லுக்கும் செய்தார். நான் வேலை செய்ததும் இந்த ஜெல்லில்தான். 2002ல் ஜேம்ஸ் பட்லரும் ஜெஃப்ரி ஃப்ரெட்பெர்க்கும் மற்றவர்களும் இதே கணக்கை ஃபூரியர் முறையில் போட்டுக் காட்டினார்கள். நாளெல்லாம் ஓடின கணக்கு நொடியில் முடிந்தது.

முடிந்தது என்கிறேன், ஆனால் ஒரு பொறி இருக்கிறது. தொலைவில் நகர்வு மெதுவாகக் குறைவதால், மணியின் இடத்தை அளப்பதில் ஒரு துளி பிசகினால் விசையில் அது பூதமாகக் கிளம்பும். அதை அடக்க, கொஞ்சம் மழுப்பச் சொல்லி ஓர் எண்ணைக் கணக்கில் சேர்ப்பார்கள். அந்த எண்ணைக் கூட்டினால் விசைப்படம் வழவழவென்று அழகாக வரும், உச்சங்கள் மழுங்கிவிடும். குறைத்தால் படம் முழுக்கச் சிவப்புப் புள்ளி, பாதி பொய். கருத்தரங்குகளில் சிவப்பும் மஞ்சளுமாக மினுங்கும் விசைப்படங்களைக் காட்டும்போது, அந்த எண்ணை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டால் பேசுகிறவர் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். கேட்டது நானாக இல்லாத சமயங்களில் ரசித்தும் இருக்கிறேன்.

ஜெல் செய்கிற வேலை சமையல்தான். அக்ரிலமைடு, அதைக் குறுக்கே கோக்கிற பிஸ்-அக்ரிலமைடு, தண்ணீர், ஒளிரும் மணிகள். பிஸ் அதிகமானால் ஜெல் கடினம், குறைந்தால் மிருது. இந்தப் பொடி நரம்புக்கு விஷம், அதனால் கையுறை இல்லாமல் தொடக்கூடாது; ஜெல்லாக இறுகிவிட்டால் பயமில்லை. கலவையிலிருந்து காற்றை முதலில் உறிஞ்சி எடுக்கவேண்டும், ஆக்சிஜன் இருந்தால் இறுகாது. கடைசியில் டெமெட் என்ற திரவம் ஒரு சொட்டு. கருவாடு மாதிரி நாறும். அதை விட்ட பிறகு நின்று யோசிக்க நேரமில்லை. ஒரு துளியைக் கண்ணாடியில் வைத்து, மேலே வட்டக் கண்ணாடி ஒன்றை மூடி, தலைகீழாகக் கவிழ்த்து வைக்கவேண்டும். அப்போதுதான் மணிகள் கனத்தில் இறங்கி, பிறகு மேல்பரப்பாகப் போகிற பக்கத்தில் சேரும். அரை மணி கழித்து மேல்மூடியை ஓரத்திலிருந்து கத்தி முனையால் நெம்பி எடுப்பார்கள். என் முதல் நாற்பது ஜெல்லில் பாதிக்கு மேல் அங்கேதான் கிழிந்தன.

கிழியாமல் வந்த ஜெல்லைத் தொட்டால் இளம் நுங்கு மாதிரி இருக்கும். வழுக்கும், ஊடுருவித் தெரியும், அழுத்தினால் குழிந்து திரும்பும். செல்லுக்கு அது பிடிக்காது, ஒட்டவே ஒட்டாது. அதனால் மேலே கொலாஜன் என்ற புரதத்தைப் பூசவேண்டும். அதை ஜெல்லோடு பிணைக்க ஒரு செந்நிற மருந்து, புற ஊதா வெளிச்சத்தில் காட்டினால் கறுக்கும், விலை கேட்டால் நமக்கே முகம் கறுக்கும்.

பிறகு செல்லை விதைத்து, ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் மைக்ராஸ்கோப் அறையில் இருட்டில் உட்காரவேண்டும். செல்லை ஒரு படம், அடியில் இருக்கும் மணிகளை ஒரு படம். இப்படிச் சில மணி நேரம் எடுத்தாலும் இதில் விசை இன்னும் இல்லை. செல் இழுத்து வைத்திருக்கும் மணிகள் எங்கே இருக்கின்றன என்று மட்டும் தெரியும். இழுக்காமல் விட்டிருந்தால் எங்கே இருந்திருக்கும் என்று தெரியாது. அதற்குக் கடைசியில் ட்ரிப்சின் விடவேண்டும், பிடிகளை அறுக்கிற நொதி. சொட்டு விழுந்து ஒரு நிமிடம் ஒன்றும் நடக்காது. பிறகு செல்லின் ஒரு நீண்ட வால் சட்டென்று சுருங்கி உள்ளே போகும். அடுத்து ஓரங்கள் ஒவ்வொன்றாக விடும். தட்டையாகப் பரந்து கிடந்தது உருண்டு, பளபளவென்று பந்தாகி, ஜெல்மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். அதே நேரத்தில் மணிப் படத்துக்கு மாறினால், செல் இருந்த இடத்தைச் சுற்றிய மணிகள் எல்லாம் வெளிப்பக்கம் மெல்ல வழுக்கித் தத்தம் பழைய இடத்துக்குப் போய் நிற்கும். ஒரு மைக்ரான், மிஞ்சினால் இரண்டு. எத்தனை தடவை பார்த்தாலும் அந்த நகர்வு எனக்கு அலுத்ததில்லை. அவ்வளவு நேரம் யாரோ பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

விசையில்லாத அந்தக் கடைசிப் படத்தை ஆய்வகத்தில் நல் (null) இமேஜ் என்பார்கள். தமிழ்க் காதுக்கு நல்ல இமேஜ் என்று கேட்கும். நல்லபடியாக அமைவதுதான் அபூர்வம். ஒரு தடவை ஏழு மணி நேரம் ஒரே செல்லைப் பின்தொடர்ந்து எடுத்தேன். அருமையாக ஊர்ந்து, நடுவில் திரும்பி, ஒரு கிளையை விட்டு இன்னொரு கிளையை நீட்டி, இதைவிட நல்ல செல் கிடைக்காது என்கிற மாதிரி. ட்ரிப்சின் விடும்போது பிப்பெட் நுனி தட்டின் விளிம்பில் இடித்தது. தட்டு சுற்றிக்கொண்டது. மணிகள் எல்லாம் ஒரே மாதிரி, எந்த மூலையில் இருந்தேன் என்று தேடி ராத்திரி பதினொன்று வரை அந்த ஜெல்லை மேய்ந்தேன். கிடைக்கவில்லை. மறுநாள் என் ஆய்வு வழிகாட்டியான சாரிடம் போய், செல் எப்படியெல்லாம் ஊர்ந்தது என்று படங்களைக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்துவிட்டு, "நல் இமேஜ் இருக்காம்மா?" என்றார். இல்லை சார் என்றேன். "அப்ப இது சினிமா" என்றார்.

சார் இன்னொன்றும் எப்போதும் கேட்பார். விசைப்படம் எவ்வளவு அழகாக வந்தாலும், "கூட்டினா என்ன வருது?" என்பார். செல் தரையில் கொடுக்கும் விசைகளைத் திசையோடு சேர்த்து எல்லாவற்றையும் கூட்டினால் பூஜ்யம் வரவேண்டும். வராவிட்டால் தப்பு நம் பக்கம்: செல்லின் ஒரு ஓரம் படத்துக்கு வெளியே போயிருக்கும், அல்லது பக்கத்துச் செல் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஏன் பூஜ்யம்? கணக்குப் போடுவோம். கையில் நூறு கிராம் எடையை ஏந்தினால் உணர்வது ஏறத்தாழ 1 நியூட்டன். அதை நூறு கோடியாகப் பங்கிட்டால் ஒரு பங்கு நானோநியூட்டன். ஒரு ஃபைப்ரோபிளாஸ்ட் ஒரு பக்கத்தில் இழுப்பது 100 நானோநியூட்டன் என்று வைத்துக்கொள்ளலாம், நல்ல முரட்டுச் செல் இன்னும் அதிகம் இழுக்கும். சரி, நகர்வதற்கு எவ்வளவு வேண்டும்? தரைப் பிடியை மறந்துவிட்டுப் பார்த்தால் எதிர்ப்பது சுற்றியிருக்கும் தண்ணீர்தான். 20 மைக்ரான் ஆரமுள்ள ஒரு பந்து மணிக்கு 30 மைக்ரான் வேகத்தில் தண்ணீரில் போனால் வரும் எதிர்ப்பு சுமார் 3 ஃபெம்டோநியூட்டன். ஒரு நானோநியூட்டனைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் ஒரு பங்குதான் ஃபெம்டோநியூட்டன். ஆக, செல் இழுப்பது நகரத் தேவையானதைப்போல மூன்று கோடி மடங்கு. முன்பக்க இழுப்புக்கும் பின்பக்க இழுப்புக்கும் உள்ள வித்தியாசம் அந்த 3 ஃபெம்டோநியூட்டன். எந்த ஜெல்லாலும் அளக்க முடியாத அளவு. நம் கைக்குக் கிடைப்பதெல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும் பெருந்தொகைகள். வரவும் செலவும் கோடியில், கையிருப்பு சல்லிக்காசு.

(எடையோடும் ஒப்பிடுவார்கள். செல்லின் எடை காற்றில் சில பத்து பிகோநியூட்டன்தான், இழுப்பு அதன் பல ஆயிரம் மடங்கு, ஆகவே மனிதனானால் ரயில் எஞ்சினை இழுப்பான் என்றெல்லாம். எனக்கு இந்த ஒப்பீடு பிடிக்காது. உருவம் சிறுத்தால் எடை பலத்தைவிட வேகமாகக் குறையும், எறும்புக்கும் அதே கதைதான். தண்ணீர்க் கணக்கில் அந்தப் பித்தலாட்டம் இல்லை.)

இந்த இடத்தில் மைக்ரோபோஸ்ட் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தெரிந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். 2003ல் கிறிஸ்டோபர் சென் குழு ஜெல்லுக்குப் பதில் நாற்றங்கால் மாதிரி சிலிகோன் தூண்களை நட்டு, அதன் நுனியில் செல்லை நிற்கவைத்தது. ஒவ்வொரு தூணும் தனித்தனி ஸ்பிரிங். எவ்வளவு சாய்ந்ததோ அவ்வளவு விசை, தலைகீழ்க் கணக்கே வேண்டாம். நியாயமான முறை. ஆனால் செல் அங்கே தூண் இருக்கும் இடத்தில் மட்டும்தான் கால் வைக்க முடியும், அது எனக்கு ஒப்பவில்லை. இஸ்ரேலில் வைஸ்மன் நிறுவனத்தில் 2001ல் அளந்த ஓர் எண்ணைத்தான் நான் மனதில் வைத்திருக்கிறேன்: செல் தரையைப் பிடிக்கும் ஒட்டுப்புள்ளி எவ்வளவு பெரிதானாலும் சதுர மைக்ரானுக்கு ஏறத்தாழ 5.5 நானோநியூட்டன். செல்லுக்கு அதிக பலம் வேண்டுமானால் புள்ளியைப் பெரிதாக்கிக்கொள்கிறது.

சரி, நகர்வதற்கு வேண்டாத இந்தப் பலம் எதற்கு? ஹாரிஸ் விடவில்லை என்று சொன்னேனே. 1981ல் ஹாரிஸும் ஸ்டோபாக்கும் வைல்டும் ஃபைப்ரோபிளாஸ்டை ரப்பரிலிருந்து எடுத்துக் கொலாஜன் ஜெல்லில் வைத்துப் பார்த்தார்கள். கொலாஜன்தான் தோலுக்கும் தசைநாணுக்கும் ஊடுபாவு. கோழிக்கருவின் திசுத் துண்டுகளை ஜெல்லில் தள்ளித் தள்ளி வைத்தால், தாறுமாறாகக் கிடந்த கொலாஜன் இழைகள் துண்டுகளுக்கு நடுவே வரிசையாக இழுபட்டு, முறுக்கிய கயிறு மாதிரி நின்றன. அவர்கள் சொன்னது இதுதான்: இந்தப் பலம் ஊர்வதற்காக வந்ததே இல்லை. தரையை நெய்வதற்காக வந்தது. தசைநாண், உறுப்புகளைச் சுற்றிய உறை, இவையெல்லாம் செல்கள் இழுத்து இழுத்து வரிசைப்படுத்தின இழைகள். ஊர்கிற செல்லை அளக்கிறோம் என்று கிளம்பினவர்கள், கடைசியில் நெசவுக்காரனின் கைப்பலத்தை அளந்திருக்கிறார்கள். எனக்கு இந்த வாதம் முழுக்கச் சரியாகப் படுகிறது. வெள்ளையணு ஏன் ஆடையை அசைக்கவில்லை என்பதற்கும் பதில் கிடைத்துவிடுகிறது. அதற்கு நெய்கிற வேலை கிடையாது.

இதைப் படித்தபோது எனக்குச் சித்தியின் கை ஞாபகம் வந்தது. நான் பள்ளிக்கூடம் போகும்போது, அப்பளம் பொரித்த எண்ணெய்ச் சட்டி சித்தியின் வலது கையில் கவிழ்ந்தது. கொப்புளம் ஆறி, தோல் வந்து, எல்லாம் முடிந்தது என்று நினைத்த பிறகுதான் விரல்கள் மடங்க ஆரம்பித்தன. வாரக்கணக்கில், தெரியாமல், கொஞ்சம் கொஞ்சமாக. ராத்திரியில் விரல்களை நீட்டிப் பலகையில் வைத்துக் கட்டுவார்கள். காலையில் அவிழ்த்தால் மத்தியானத்துக்குள் திரும்ப இழுத்துக்கொள்ளும். கடைசி இரண்டு விரலும் உள்ளங்கையைப் பார்த்தபடியே நின்றுவிட்டன. யார் இழுக்கிறார்கள் என்று அப்போது எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

1971ல் ஜெனீவாவில் ஜூலியோ கப்பியானி குழு, ஆறுகிற புண்ணில் பாதி ஃபைப்ரோபிளாஸ்ட், பாதி தசை மாதிரி இருக்கும் செல்களைக் கண்டது. மயோஃபைப்ரோபிளாஸ்ட் என்று பெயர். புண்ணின் வாயை இழுத்து மூடுவது இவைதான். வேலை முடிந்ததும் செத்துப் போகவேண்டும். போகாமல் தங்கிவிட்டால் தழும்பு இறுகிக்கொண்டே போகும். அதில் ஒரு சுற்று இருக்கிறது: தரை கடினமானால் இந்தச் செல் இன்னும் பலமாக இழுக்கும், பலமாக இழுத்தால் தரை இன்னும் கடினமாகும்.

தரையின் கடினம் செல்லுக்குத் தெரியும் என்பதே பின்னால் வந்த செய்திதான். 1997ல் ராபர்ட் பெல்ஹாமும் யூ-லி வாங்கும் அதை மென்மையான, கடினமான ஜெல்களில் காட்டினார்கள். 2000ல் சுன்-மின் லோவும் வாங்கும் டெம்போவும் ஒரே ஜெல்லில் ஒரு பாதி மிருது, ஒரு பாதி கடினம் என்று செய்து செல்லை நடுக்கோட்டுக்கு ஊரவிட்டார்கள். மிருதுவிலிருந்து வந்தது தாண்டிப் போனது. கடினத்திலிருந்து வந்தது கோட்டருகே வந்து திரும்பிக்கொண்டது. கடினத்தைப் பாஸ்கல் என்ற அலகில் சொல்வார்கள். மூளை ஆயிரம் பாஸ்கலுக்கும் கீழே, தசை பத்தாயிரம் பாஸ்கல் சுமார். நாம் செல் வளர்க்கிற பிளாஸ்டிக் தட்டு தசையைவிட லட்சக்கணக்கான மடங்கு கடினம். செல்லின் நடையைப் பற்றி அதற்கு முன் எழுதினதில் பெரும்பகுதி கருங்கல் பாறையில் நடக்கவிட்டுப் பார்த்தது. எனக்கு அதில் குறை சொல்ல வாயில்லை. என் செல்களையும் ஜெல்லுக்கு வரும்வரை பிளாஸ்டிக்கில்தான் வளர்த்தேன்.

இழுப்பை நிறுத்த ஒரு மருந்து இருக்கிறது. பிளெப்பிஸ்டாட்டின், மயோசினைப் பிடித்து முடக்கும். சொட்டு விட்டுப் பத்து இருபது நிமிடத்தில் விசைப்படம் சிவப்பிலிருந்து நீலத்துக்கு அணைந்துபோகும். செல் சாகாது, ஒட்டினபடியே ஒல்லியாகக் கிளைவிட்டு நிற்கும். மருந்தைக் கழுவினால் திரும்ப இழுக்கும். நீல வெளிச்சம் பட்டால் இந்த மருந்து கெட்டு, செல்லுக்கே விஷமாகும் என்பதை நான் கற்றுக்கொள்ள ஒரு மாதம் ஆனது. பச்சையாக ஒளிரும் மணிகளை நீல வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொண்டே, மருந்து ஏன் வேலை செய்யவில்லை என்று மருந்து விற்றவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். சிவப்பு மணிகளுக்கு மாறின அன்றே வேலை செய்தது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சித்திக்கு ஒரு படத்தைப் போனில் காட்டினேன். சுருங்குகிற சிலிகோன், மருந்துக்கு முன், மருந்துக்குப் பின். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மூன்று தடவை பார்த்தாள்.

"இதுதான் என் கையில பண்ணுச்சா?"

"இதோட வகையறா, சித்தி."

"இழுத்துக்கிட்டே இருக்கே. இதுக்கு அலுக்காதா?"

"மருந்து போட்டா விட்டுடும். பத்து நிமிஷத்துல."

"அந்த மருந்தை எனக்குப் போடக்கூடாதா?"

"இதயத்துல இருக்கிறதையும் பிடிச்சு நிறுத்திடும் சித்தி."

"அய்யோ, வேணாம்டி" என்று சிரித்துவிட்டு, அம்மா நீட்டின காப்பி டம்ளரை வாங்கி, மடங்கின இரண்டு விரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் செருகிக்கொண்டு, படத்தை இன்னொரு தரம் போடச் சொன்னாள்.